ஒரு விரல் உயரம்

நான் நில அளவர். சிவகிரி தாலுகாவில் வேலை. வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். பல வருஷம் பஸ்ஸில்தான் போய் வந்தேன். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று நின்றுகொண்டே போய் இடுப்பு விட்டுப்போனது. ஐம்பதாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தென்காசியில் ஒரு தரகர் மூலம் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினேன். விற்றவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இளைஞர். கார் அவருடைய அப்பாவுடையது, அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னார். கையெழுத்துப் போட்டுச் சாவியை என் கையில் வைத்தார். வண்டியை ஒருமுறை தடவிப் பார்ப்பார் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

இரண்டாவது வாரமே அந்தக் கண்ணாடி என் கண்ணில் பட்டது. பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க முன்கண்ணாடிக்கு மேல் தொங்குமே, அது. சாயங்காலம் சிவகிரியில் ஏறி உட்கார்ந்தால் அதில் காரின் கூரை தெரிந்தது. சாலை கீழே நழுவியிருந்தது. அலுவலகத்தில் யாரோ உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்து, கையால் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். மறுநாள் காலையில் வீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இப்போது சாலை மேலே போய்விட்டது. பின்சீட்டின் மேல்விளிம்பு கண்ணாடிக்குள் ஏறியிருந்தது. யாரோ இரவில் என் இடத்தில் உட்கார்ந்து, பின்சீட்டைப் பார்ப்பதற்காகவே திருப்பி வைத்ததுபோல.

எனக்குக் குடும்பம் இல்லை. அம்மா போனபிறகு அந்த வீட்டில் நான் ஒருத்திதான். கார் நிற்பது காம்பவுண்டுக்குள். கேட்டுக்குப் பூட்டு, காருக்குப் பூட்டு, சாவி என் கட்டிலுக்குப் பக்கத்தில். அதனால் முதலில் நான் பயப்படவில்லை. பழைய வண்டி, கண்ணாடியின் பிடி தளர்ந்திருக்கும் என்று மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் அசைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இறுக்கமாத்தான இருக்கு மேடம். இது தானா நகராது. யாரோ திருப்புதாவ" என்றார்.

யாரோ திருப்புகிறார்கள். அதை ஒருவர் வாயால் கேட்டபிறகுதான் எனக்குக் குளிர்ந்தது.

அன்று இரவு படுக்கப்போகும் முன் ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியிலிருந்து பின்கதவின் கைப்பிடி வரை ஒரு தையல் நூலை இழுத்துக் கட்டினேன். மற்ற பக்கத்துக் கதவுகளுக்கும் அப்படியே. காலையில் நூல் கட்டினது கட்டினபடி இருந்தது. சிரித்துக்கொண்டே அறுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது.

அதன்பிறகு பின்சீட்டில் பை வைப்பதை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசுதேவநல்லூர் தாண்டி ஆளில்லாத இடத்தில் மலை வலதுபக்கம் கறுத்துக்கொண்டு வரும்போது, அந்தக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்காமலே ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஒலிப்பானை அழுத்தித் திட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருந்த பழைய உரிமையாளரின் முகவரியைப் பார்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இலத்தூருக்குப் போனேன். குளத்துக்குப் போகும் தெருவில் கடைசி வீடு. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை. அதற்கு நேரே சமையலறை ஜன்னல். அந்த ஜன்னலுக்கு உட்பக்கமிருந்து அட்டை அடித்திருந்தார்கள்.

கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதுக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும். என் பின்னால் நின்ற காரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இந்த வண்டி வாங்கினது நான்தான்க்கா. சர்வேயரா இருக்கேன். ஒரு சின்ன விஷயம் கேக்கணும்னு வந்தேன்."

"உள்ள வாங்க. வண்டி மக்கர் பண்ணுதோ?"

"வண்டி நல்லாத்தான் ஓடுது. உள்ள இருக்குற கண்ணாடிதான். ராத்திரி ஒரு மாதிரி வச்சிட்டுப் போனா காலைல வேற மாதிரி இருக்கு. முந்தியும் இப்படி இருந்துச்சா?"

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வீட்ல தனியாவா இருக்கீய?"

"ஆமா."

"கூட யாருமே இல்லையா? ராத்திரி வந்து போற ஆளு?"

"யாரும் இல்லக்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொண்டார்: "அப்ப நான் இல்ல."

மெல்லச் சொல்லத் தொடங்கினார். அவர் கணவர் செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தவர். தினமும் அந்தக் காரில் கடைக்குப் போவார். மரம் எடுக்கப் புனலூர் வரை போய் வருவார். வண்டி வாங்கிய வருஷமே ஆரம்பித்துவிட்டதாம்.

"காலைல குளிச்சுத் துணி உடுத்திட்டுப் போயி வண்டியில உக்காருவாவ. உடனே இறங்கி வருவாவ. 'ஏட்டி, ராத்திரி எவன் வண்டியில உக்காந்தான்'னு கேப்பாவ. எனக்குச் சிரிப்பா வரும் மொதல்ல. பெறவு சாவிய தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாவ. அப்பவும் காலைல கண்ணாடி மாறியிருக்கு. 'வெளியாளு எப்படி வருவான், உள்ளேருந்து தொறந்து விட்டாத்தான் வருவான்'னு சொல்லிட்டாவ. அன்னையிலேருந்து சிரிப்புப் போச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். 'பிள்ளைய வேற இழுக்குதியா'ன்னு அடிக்க வந்தாவ. ஒருநா பாயையும் போர்வையையும் எடுத்துட்டுப் போயி வண்டிக்குள்ளயே ராத்திரி இருந்தாவ. படுக்கல. ஸ்டியரிங்குக்கு முன்னால உக்காந்தபடிக்கு. விடிஞ்சு பாத்தா கண்ணாடி வச்சது வச்சபடி இருக்கு. நேரா அடுப்படிக்கு வந்தாவ. 'பாத்தியா, நான் காவல் இருந்தா அவன் வரமாட்டேங்கான்'னு சொன்னாவ. அதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? எனக்கே ஒண்ணும் புரியல."

மறுநாள் சோதித்துப் பார்க்கக் கட்டிலில் படுத்தாராம். கண்ணாடி மாறியிருந்தது. அதற்கடுத்த நாள் காரில் உட்கார்ந்தார். மாறவில்லை. அதோடு அவர் கட்டிலுக்குத் திரும்பவே இல்லை. பத்து வருஷம், சாகும்வரை, அந்தக் கொட்டகையில் காருக்குள் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். காலையில் இறங்கும்போது இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கூன் போட்டபடியே இறங்குவாராம். மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா ஏன் காரில் தூங்குகிறார் என்று தெருவில் கேட்டார்கள். அவனிடம் அப்பா ஒரு பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அவன் அம்மாவை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதில்லை.

திரும்பும்போது எனக்கு ஸ்டியரிங்கில் கை வைக்கவே கூசியது. நான் உட்கார்ந்திருந்த அதே இருக்கையில் ஒரு மனிதர் பத்து வருஷ இரவுகள் உட்கார்ந்து, வராத ஒருவனுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அன்று ராத்திரி ஒன்று செய்தேன். கண்ணாடி தொங்கும் தண்டும் கண்ணாடியின் முதுகும் சேரும் இடத்தில், இரண்டையும் தொட்டுக்கொண்டு, சிவப்பு நகச்சாயத்தால் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். இருக்கை ஓடும் தண்டவாளத்திலும் ஒன்று. எங்கள் வேலையில் இதுதான் முறை. இடத்தில் சண்டை என்றால் முதலில் எல்லைக்கல்லைப் பார்ப்போம். கல் நகரவில்லை என்றால் கருவியைப் பார்ப்போம்.

காலையில் இரண்டு கோடும் ஒடியாமல் இருந்தன. கண்ணாடி ஒரு மயிரிழைகூட நகரவில்லை. இருக்கையும் நகரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். பின்சீட்டு தெரிந்தது.

காரை எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். கல்லும் சரி, கருவியும் சரி என்றால் மிச்சம் இருப்பது அளப்பவர். அந்த வண்டியில் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் என்ற பயத்தையாவது பூட்டுப் போட்டுத் தாங்கிக்கொண்டேன். இப்போது பூட்ட ஒன்றும் இல்லை. நேற்று மாலை இந்தக் கண்ணாடியைச் சரிசெய்தவளும் இன்று காலை அதைப் பார்ப்பவளும் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பைத்தியம் இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று நினைத்தேன். இலத்தூர்க்காரரும் இங்கிருந்துதான் தொடங்கியிருப்பார்.

அப்போது குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கியிருந்தது. இடுப்பில் பழைய வலி கூடிக்கொண்டே வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள்: அருவியில் முதுகைக் காட்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஐந்தருவிக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் கூட்டம் குறைவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தண்ணீரை இடுப்பில் வாங்கினேன். முதலில் சுகமாக இருந்தது. பிறகு தண்ணீர் விழுவதாகத் தோன்றவில்லை. அகலமான ஓர் உள்ளங்கை என் முதுகெலும்பின் அடியைத் தேடிப்பிடித்து, விடாமல் கீழ்நோக்கி அமுக்குவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் தண்ணீர்தான். பக்கத்தில் ஒரு பெண் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, சிவகிரிக்கு மேற்கே ஒரு எலுமிச்சைத் தோப்பில் அளவு. கருவி வைக்கும் முக்காலியைத் தூக்கக் குனிந்தேன். உள்ளே எதுவோ பிதுங்கியது. சத்தம் வந்ததா இல்லையா தெரியாது, நான் கேட்டேன். இடது தொடையின் பின்புறம் வழியாகக் கணுக்கால் வரை நெருப்பு இறங்கியது. முக்காலி ஒருபக்கம், நான் ஒருபக்கம். தோப்புக்காரர்தான் என்னைப் பின்சீட்டில் படுக்கவைத்துத் தென்காசிக்கு ஓட்டிவந்தார். அத்தனை நாளும் பார்க்கப் பயந்த அந்தச் சீட்டில் மல்லாந்து கிடந்தபடி, மேலே கண்ணாடியில் தெரிந்த அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடக்கும்போது, சுற்றிலும் யாரோ சுவரைச் சம்மட்டியால் தட்டித் தட்டி எதையோ தேடுவதுபோல் சத்தம். படம் வந்ததும் எலும்பு மருத்துவர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். என்னைவிட இளையவர், இந்த ஊர்க்காரர். பக்கவாட்டில் வெட்டிய என் முதுகு அதில் நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாக எலும்புகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய தட்டுகள். மேலே இருந்த தட்டுகளின் நடுவில் வெளுப்பு இருந்தது. அடியில் இருந்த இரண்டில் மட்டும் இல்லை. இரண்டும் கறுத்து, அணைந்துபோயிருந்தன.

"எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்குல்லா அக்கா, இதுதான் டிஸ்க்" என்றார். "சுத்தி டயர் மாதிரி ஒரு வளையம். நார் நாரா, அடுக்கடுக்கா இருக்கும். ஒரு அடுக்கு இப்படிச் சாஞ்சா அடுத்தது எதிர்ப்பக்கம் சாயும். அதான் எப்படித் திரும்புனாலும் தாங்குது. நடுவுல நுங்கு. அதுல முக்கால்வாசி தண்ணிதான். நீங்க நடந்தா, குதிச்சா, பாரம் தூக்கினா அந்த நுங்குதான் வாங்கிச் சுத்திலும் பரத்தி விடுது."

"இந்த ரெண்டு ஏன் கருப்பா இருக்கு?"

"தண்ணி வத்திப்போச்சு. வெளுப்பாத் தெரியுறது தண்ணி. இளசுல நுங்கு வழவழன்னு இருக்கும், நாள்பட்டா முத்தி இறுகிக் கடுக்காயாப் போயிருதுல்லா, அதேதான். வயசாவ ஆவ தண்ணியப் பிடிச்சு வைக்க முடியாது. உயரம் கொறையும். வளையத்துல கீறல் விடும். உங்களுக்கு அந்தக் கீறல் வழியா நுங்கு கொஞ்சம் பிதுங்கி, காலுக்குப் போற நரம்பத் தொடுது. எல்லாருக்கும் கறுக்கும். எல்லாருக்கும் வலிக்காது."

"ரத்தம் ஓடித் திரும்ப வளராதா?"

"அங்கதான் சிக்கல். இதுக்குள்ள ரத்தக்குழாய் போவாது. உடம்புல இவ்வளவு பெருசா, ரத்தமே போகாத இடம் வேற கிடையாதும்பாங்க. மேலயும் கீழயும் இருக்க எலும்புலேருந்து ஊறி வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. நீங்க படுத்துட்டா பாரம் இறங்கும், தண்ணி உள்ள ஏறும். எந்திரிச்சு நடமாடினா உங்க பாரமே அமுக்கி வெளிய தள்ளிரும். தினமும் இப்படித்தான். காலைல இருக்க உயரம் சாயங்காலம் உங்களுக்கு இருக்காது."

நான் கையை ஊன்றி எழ முயன்றேன். வலி உட்கார வைத்தது.

"எவ்வளவு குறையும் டாக்டர்?"

"ஒரு விரல் கனம்னு வச்சுக்கிடுங்களேன்."

"கார்ல கண்ணாடி மாறித் தெரியுமா?"

அவர் சிரித்தார். "எனக்கே தெரியும். சாயங்காலம் ஒருமட்டம் திருப்பிக்கிடுவேன், காலைல ஒருமட்டம் திருப்புவேன். அது கண்ணாடி நகர்றதில்ல. நாமதான் வளந்து வளந்து குறையுதோம்."

"ராத்திரி படுக்காம, உக்காந்தே தூங்கினா?"

"உக்காந்தா பாரம் எங்க இறங்கும்? தண்ணி சரியா ஏறாது. காலைலயும் சாயங்காலம் இருந்த மாதிரியேதான் இருப்பாங்க." பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு அப்படித் தூங்குதா?"

"இப்ப இல்ல" என்றேன்.

அறுவை வேண்டாம், பாரம் தூக்கக்கூடாது, அருவிப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லி, மருந்தும் பயிற்சியும் கொடுத்து அனுப்பினார். மூன்று வாரம் விடுப்பு. அந்த நாட்களில் படுக்கவே எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. விளக்கை அணைத்துச் சாய்ந்ததும் காது தானாக முதுகுக்குப் போகும். இருபத்து மூன்று தட்டுகள், ரத்தம் இல்லாதவை, நான் தூங்கட்டும் என்று காத்திருந்து, சத்தமில்லாமல் குடிக்கத் தொடங்குகின்றன. அடியில் இரண்டு மட்டும் வாய் திறக்காமல் கிடக்கின்றன. எல்லாம் தெரிந்தபிறகு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், எழுந்தவுடன் கதவு நிலையில் சாய்ந்து நின்று, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். சாயங்காலம் வந்ததும் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் சரியாகப் பொருந்தியது. அந்த இடைவெளியில் விரலை வைத்தபடியே இலத்தூர் அக்காவை நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு போனேன். இந்தமுறை நான் காபியைத் தொடுவதற்கு முன்பே சொல்லத் தொடங்கினேன். தட்டு, நுங்கு, தண்ணீர், படுத்தால் ஏறுவது, நின்றால் இறங்குவது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப வண்டியில உக்காந்து ஒறங்கினா கண்ணாடி மாறாதா?"

"மாறாதுக்கா."

"கட்டில்ல படுத்தா மாறுமா?"

"மாறும்."

"யாரும் வராமலே?"

"யாரும் வராமலே."

மடியில் கிடந்த முந்தானையை அவர் மடித்து மடித்துச் சிறிதாக்கினார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், என்னையும் கூப்பிட்டு, அட்டை அடித்த ஜன்னலைக் காட்டினார்.

"உங்ககிட்ட ஒண்ண மறச்சுட்டேன். அவிய மொதமொதல்ல வண்டியில போயி உக்காந்த அன்னைக்கு எனக்குத் தெரியாது. வெளித்திண்டுல படுத்திருக்காவன்னு நெனச்சேன். வெள்ளன எந்திரிச்சு அடுப்புப் பத்த வச்சிட்டு இந்த ஜன்னலத் தொறந்தேன். வண்டிக்குள்ள ஒரு ஆம்பள உக்காந்திருக்கான். மொகம் தெரியல. அசையாம என்னையே பாக்கான். எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. அப்ப இவிய சொன்னது உண்மைதான், ஒருத்தன் வாறான்னு நெனச்சுட்டேன். கத்தல. கத்தினா இவிய எந்திரிச்சு வந்து, 'பாத்தியா'ம்பாவளே. சத்தமில்லாம ஜன்னலச் சாத்திட்டேன்."

"உள்ள இருந்தது உங்க வீட்டுக்காரர்."

"ஆமா. அவிய அத எப்படிப் பாத்தாவ தெரியுமா? பொண்டாட்டி ஜன்னலத் தொறந்தா, வண்டியில ஆளு இருக்கதப் பாத்தா, கத்தாம மெதுவாச் சாத்திட்டுப் போனா. வாடிக்கையா வாறவன்னா யாரு கத்துவா? அதத்தான் பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டே இருந்தாவ. நான் கத்தியிருந்தாலாவது என்னைய நம்பியிருப்பாவ."

வெளியே கொட்டகையின் தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் அழவில்லை. சட்டென்று என் கையைப் பிடித்தார். "நீங்க சொன்னதெல்லாம் அந்த டாக்டர் ஒரு பேப்பர்ல எழுதித் தருவாரா? கையெழுத்தும் சீலும் வச்சு?"

மருத்துவரிடம் கேட்டபோது முதலில் சிரித்தார். எதற்கு என்று நான் சொன்னபிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வெளியே காத்திருந்தவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். மருந்து எழுதும் தாளில் தமிழில் எழுதினார். மனிதருக்கு இரவில் படுத்தால் உயரம் கூடும், பகலில் குறையும். அதனால் வண்டியின் கண்ணாடி தானே மாறியதுபோல் தெரியும். உட்கார்ந்தே தூங்குபவருக்கு அப்படித் தெரியாது. இதில் வேறொருவர் தலையீடு எதுவும் இல்லை. கடைசி வரியை அடித்துவிட்டு, மறுபடியும் அதையே கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிச் சீல் வைத்தார்.

அந்தத் தாளைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார் அக்கா. அவன் பார்த்துவிட்டான் என்று போனில் தெரிந்தது. பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். தினமும் எனக்குக் கூப்பிட்டு, "ஒண்ணும் சொல்லல" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், "வந்திருக்கான், நீங்களும் வாங்க" என்றார். குற்றாலம் போகும் வண்டிகள் மேலகரம் வரை அடைத்து நின்றன. எதிர்த்திசையில் ஊர்ந்து இலத்தூருக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. என்னிடம் கார் விற்ற அதே இளைஞர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். அவர் பக்கத்தில் ஒரு பெரிய மஞ்சள் உறை.

"அப்பாவுக்குக் கடைசி வருஷம் எடுத்த ஸ்கேன் மேடம். நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் என்னமோ சொன்னாரு, நான் காதுல வாங்கல. நீங்க பாத்தாத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது என் படம் ஒன்றுதான். இருந்தாலும் உறையிலிருந்து எடுத்தோம். விளக்குப் பெட்டி இல்லை. அவர் சமையலறைக்குப் போய், ஜன்னலில் அடித்திருந்த அட்டையைக் கையாலேயே பிய்த்தார். ஆணிகள் கீழே சிதறின. அந்த வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

அக்காவின் கணவர் அதில் இருந்தார். முகம் இல்லாமல், முதுகு மட்டும். எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்குறைய உட்கார்ந்துவிட்டிருந்தன. விளிம்புகளில் முள்போல எலும்பு வளர்ந்திருந்தது. நடுவில் இருந்தவை தட்டுகள் என்று சொல்லவே முடியாது, கறுப்புக் கோடுகள். ஒன்றில்கூட வெளுப்பு இல்லை. படத்துக்குப் பின்னால், அந்த எலும்புகளின் ஊடே காலிக் கொட்டகையின் தூண்கள் தெரிந்தன.

"உக்காந்து உக்காந்தே இப்படி ஆயிருச்சா?" என்று கேட்டார் மகன்.

"வயசும் மரம் தூக்கினதும் இருக்கும். உக்காந்ததும் சேந்திருக்கலாம். நான் டாக்டர் இல்ல தம்பி."

அவர் தலையாட்டினார். அம்மாவின் பக்கம் திரும்பாமல், படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒருநா ராத்திரி எனக்குப் பதிலா நீ வண்டியில காவல் இருலேன்னாரு. நானும் இருந்தேன். காலைல அவரு வந்து உக்காந்து பாத்துட்டு, 'நீ ஒறங்கிட்ட, அவன் வந்துட்டுப் போயிட்டான்'னு அடிச்சாரு. நான் ஒறங்கவே இல்லம்மா. விடிஞ்சு மூஞ்சி கழுவ இறங்கின நேரத்துல நீதான் கண்ணாடியத் திருப்பிட்டன்னு நெனச்சேன்."

அந்த ஒரு இரவு மட்டும் அவர் அப்பா வீட்டுக்குள் வந்து நீட்டிப் படுத்திருப்பார். அதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. இருவருக்கும் புரிந்திருந்தது.

அக்கா கிட்டே வந்தார். மூக்குக்கண்ணாடி போடாததால் முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு விரலால் அடியிலிருந்த கறுப்புக் கோட்டைத் தொட்டார். அடுத்ததையும், அதற்கடுத்ததையும். கொட்டகையில் யாராவது இருந்தால் கேட்டுவிடும் என்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுக்குள்ளதான் இருந்தானா அவன்?"

மகன் படத்தை இறக்கி உறைக்குள் போடப் போனார். அக்கா அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். அரிசி டப்பாக்களுக்கு மேல் இருந்த பலகையில் ஏறக்குறையத் தூக்கி எறிவதுபோல் வைத்துவிட்டு, "சோறு ஆறுது. ரெண்டு பேரும் கை கழுவுங்க" என்றார். ஜன்னல் திறந்தே இருந்தது. சாப்பிடும்போது சாரல் உள்ளே அடித்தது. மகன் ஒருமுறை எழுந்து அதைச் சாத்தப் போனார். அம்மா வேண்டாம் என்று சொன்னதும் திரும்பி வந்து உட்கார்ந்து, மறுசோறு வாங்கினார்.